பெரியாற்றுத் தேக்கமும் தேக்கடிப் பிரயாணிகளும்

தேக்கடிப் படகுத்துறையில் சீட்டு வாங்கிக்கொண்டு விசைப்படகில் ஏறி, நீர்ப்பரப்பின் நடுவே கருத்து நிற்கும் பட்ட மரங்களையும், அவற்றின் கொம்புகளில் சிறகு விரித்து ஈரம் உலர்த்தும் நீர்க்காகங்களையும், அதிர்ஷ்டம் இருந்தால் கரைப் புல்லில் மேயும் யானைக் கூட்டமொன்றையும் கண்டு, சுமார் ஒன்றரை மணி நேரத்தில் திரும்பிவரும் பிரயாணிகளில் அநேகர், தாங்கள் உலாவி வந்த ஜலாசயத்தைத் தாங்கி நிற்கும் அணையை ஒருபோதும் பார்த்திருக்கமாட்டார்கள். முல்லையாறு பெரியாற்றோடு சேரும் இடத்தையடுத்து, பல மைல்களுக்கு அப்பால், காட்டின் நடுவே அது இருக்கிறது; உல்லாசப் படகுகள் அவ்வளவு தூரம் போவதில்லை, பொதுஜனங்களுக்கு அங்கே அனுமதியும் இல்லை. காரணத்தைக் காணாமல் காரியத்தை மட்டும் கண்டு திரும்புகிறவர்களுக்கு, கடல் மட்டத்திற்குச் சுமார் 880 மீட்டர் உயரத்தில், மலைகளின் இடுக்குகளிலெல்லாம் கிளை கிளையாகப் புகுந்து கிடக்கும் அந்த நீர், ஆதிகாலந்தொட்டே அங்கிருந்த ஓர் இயற்கை ஏரியாகத் தோன்றுவதில் வியப்பொன்றுமில்லை.

உண்மையில் அது 1895-ஆம் வருஷத்து ஏரி. மதுரை ஜில்லாவின் வயல்களுக்காகச் செய்யப்பட்ட ஒரு பெருங்காரியத்தின் மிச்சமே இன்று வினோத யாத்திரைக்கும் வன விலங்கு தரிசனத்திற்கும் உரிய ஸ்தலமாகப் பெயர் பெற்றிருக்கிறது. மிச்சம் என்ற சொல்லை இங்கே அலட்சியமாக ஆளவில்லை. இந்தத் தேக்கத்தின் அமைப்பையும், நீர் அதில் ஏறி இறங்கும் விதத்தையும் ஆராய்ந்து பார்த்தால், பிரயாணிகள் அனுபவிக்கும் இன்பங்களில் முக்கியமானவை, அதைக் கட்டிய எஞ்சினீயர்களால் உபயோகப்படுத்த முடியாமற்போன நீரையும், குடியானவர்கள் வருஷந்தோறும் எடுத்துக்கொண்டு காலியாக விடும் கரையையும் பற்றி நிற்பவை என்பது விளங்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் சிவகிரிச் சரிவுகளில் பிறந்து, பருவமழையின் பூரண வெள்ளத்தையும் ஏந்திக்கொண்டு, திருவிதாங்கூரின் வழியே அரபிக்கடலில் போய் விழும் பெரியாற்றுக்கும், அதே மலையின் கீழ்ப்புறத்தில் மழை மறைவுப் பிரதேசத்தில் ஓடி, கடலை அடைவதற்கு முன்பே பெரும்பாலும் கண்மாய்களில் கரைந்துவிடும் வைகைக்கும் நடுவே, ஓரிடத்தில் மலை முதுகு மிகவும் குறுகியும் தாழ்ந்தும் இருக்கிறது. அந்த இடத்தில் ஆற்றைக் கிழக்கே திருப்பிவிட்டால் என்ன என்ற யோசனை வெள்ளைக்காரர் கொண்டுவந்ததன்று. 1789-லேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை, விஷயம் தெரிந்த பன்னிருவரை மலைக்கு அனுப்பி ஸ்தலத்தைப் பார்த்துவரச் செய்தார் என்பது பதிவாகியிருக்கிறது. சமஸ்தானத்தின் பொக்கிஷத்துக்கு எட்டாத செலவு என்பதால் அது அவ்வளவில் நின்றது. 1808-இல் கேப்டன் கால்டுவெல் (இவர் திராவிட மொழிகளை ஆராய்ந்த பிஷப் கால்டுவெல் அல்லர்) நேரில் சென்று மட்டம் பிடித்துப் பார்த்துவிட்டு, இது வெறும் மனோராஜ்யம், இனி இதைப்பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை என்ற பொருள்பட அறிக்கை எழுதிவைத்தார். 1850-இல் ஒரு சிறு அணை தொடங்கப்பட்டு, காய்ச்சலுக்கு அஞ்சிய கூலியாட்களை நிறுத்திவைக்க முடியாமல் கைவிடப்பட்டது. 1860-களில் மேஜர் ரைவ்ஸ் மண்ணணை ஒன்றுக்குத் திட்டம் தயாரித்தார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்திற்குப் பிறகுதான், காகிதத்தில் கிடந்த திட்டங்கள் கச்சேரிகளில் மீண்டும் பிரிக்கப்பட்டன. 1882-இல் பொறுப்பேற்ற எஞ்சினீயர் ஜான் பென்னிகுயிக், மண்ணணையை விட்டுக் கல்லும் சுண்ணாம்பும் கொண்ட அணைக்குத் திட்டத்தை மாற்றியமைத்தார்.

இடமோ திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு உரியது. சென்னை அரசாங்கத்தோடு நடந்த நெடுங்காலப் பேச்சுவார்த்தைக்குப் பின் 1886 அக்டோபர் 29-ஆம் தேதி 999 வருஷக் குத்தகைப் பத்திரம் கையெழுத்தாயிற்று: நீர்மட்டக் கணக்கில் 155 அடிக் கோட்டுக்குக் கீழ்ப்பட்ட 8,000 ஏக்கர் நிலம், வேலைகளுக்காக மேலும் 100 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 40,000 ரூபாய் வாடகை. மீன்பிடிக்கும் உரிமைகூட அந்தப் பத்திரத்தில் சென்னைக்கே வழங்கப்பட்டது. விசாகம் திருநாள் மகாராஜா இதயத்தின் இரத்தத்தால் கையொப்பமிடுகிறேன் என்று வருந்திச் சொன்னாரென்று ஒரு கதை இன்றும் பேசப்படுகிறது. ஆனால் விசாகம் திருநாள் 1885 ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார், பத்திரமோ அடுத்த வருஷம், மூலம் திருநாளின் ஆட்சியில், திவான் ராமய்யங்கார் கையெழுத்திட்டது. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பிற்காலத்தில் ஏற்பட்ட மனக்கசப்பு, தனக்கு வேண்டிய கதையைப் பின்னோக்கிச் சென்று உண்டாக்கிக்கொண்டது என்றே நான் கருதுகிறேன்.

1887-இல் வேலை ஆரம்பமாயிற்று. சென்னைப் பட்டாளத்தின் பயனியர் படைப்பிரிவுகளும், கொச்சியிலிருந்து வரவழைக்கப்பட்ட போர்த்துகீசியத் தச்சர்களும், சமவெளியிலிருந்து ஏறிவந்த கூலியாட்களும் அந்தக் காட்டில் பட்ட பாட்டை, பின்னர் இத்திட்டத்தின் வரலாற்றை 1899-இல் நூலாக வெளியிட்ட மெக்கன்ஸி என்ற எஞ்சினீயர் விரிவாக எழுதியிருக்கிறார். கோடை மாதங்களில் மலைக்காய்ச்சல் ஆட்களை விரட்டிவிடும். தென்மேற்குப் பருவத்திலிருந்து வெள்ளம் வந்து தற்காலிக அணைகளை அடித்துக்கொண்டு போகும். காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் நடுவே எஞ்சிய சில மாதங்களில் கட்டியது எவ்வளவோ, அதில் அடுத்த வெள்ளத்துக்குத் தப்பியது எவ்வளவோ, அதுவே அவ்வருஷத்து ஊதியம். சாமான்களோ, பாதையில்லாத மலையில், கம்பம் பள்ளத்தாக்கின் அடிவாரத்திலிருந்து கம்பிக் கயிற்றுப் பாதையில் தொங்கி ஏறிவந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், அணைக்கருகே உள்ள கல்லறைகளில் சிலருடைய பெயர்கள் மட்டுமே உள்ளன. பென்னிகுயிக் தம் சொந்த ஆஸ்திகளை விற்று அணையை முடித்தார் என்று கம்பம் பள்ளத்தாக்கில் சிறு குழந்தையும் சொல்லும். சென்னை அரசாங்கத்தின் உத்தரவில், அரசாங்கப் பணத்தில், மராமத்து இலாகாவின் பொறுப்பில் நடந்த வேலை இது. சொத்து விற்ற கதைக்குத் தக்க ஆதாரம் இல்லையென்றே ஆராய்ந்தோர் கூறுகின்றனர். எனினும் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் எழுப்பி, தை மாதத்தில் அவர் பிறந்த நாளுக்குப் பொங்கலிட்டு, பிள்ளைகளுக்கு அவர் பெயரையே சூட்டும் ஜனங்களிடம் போய்த் தஸ்தாவேஜைக் காட்டி வாதாடுவது வீண் வேலை. 1895 அக்டோபர் 10-ஆம் தேதி கவர்னர் வென்லாக் பிரபு நீரைத் திறந்துவிட்டார்.

இனி அந்த அமைப்பின் சூட்சுமத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். ஏனெனில் தேக்கடியின் அழகனைத்தும் அதில்தான் அடங்கியிருக்கிறது. சுண்ணாம்பும் சுருக்கி என்னும் செங்கற்பொடியும் சேர்ந்த காரையால் ஆகி, இருமுகமும் கல் வைத்துக் கட்டப்பட்டு, அஸ்திவாரத்திலிருந்து 176 அடி உயரமும் 1,200 அடி நீளமும் உள்ள அந்த அணை, சாதாரணமான நீர்த்தேக்கங்களைப் போலத் தன் அடியில் உள்ள மதகின் வழியே பாசனத்துக்கு நீர் தருவதன்று. அது ஆற்றை மேற்கே போகவிடாமல் மறித்து, பின்னோக்கி நிரம்பச் செய்து, ஒரு கிளைப் பள்ளத்தாக்கின் வழியாகத் தேக்கடிவரை ஏற்றுகிறது. அங்கே மலை முதுகின் கல்லைக் குடைந்து செய்த, ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள சுரங்கம், கிழக்குச் சரிவிலே நீரைக் கொட்டுகிறது. பின் அது வைரவனாறு, சுருளியாறு என்று இறங்கி வைகையில் சேருகிறது. சுரங்கத்தின் வாய் 104 அடி மட்டத்தில் இருக்கிறது. அதாவது, அணையின் முதல் 104 அடி உயரமும் நீரை அந்த மேட்டுக்கு ஏற்றிவைக்கும் படிக்கட்டுக்கு ஒப்பானது. அதற்கு மேல் நிற்கும் நீரே மதுரைக்கு வரும். கீழே உள்ளது வெயிலிலும் கசிவிலும் குறைவதன்றி, எந்தக் கோடையிலும் கிழக்கே வர வழியில்லை. தேக்கத்தின் மொத்தக் கொள்ளளவு சுமார் 44 கோடி கன மீட்டர். பயன்படக்கூடியது சுமார் 30 கோடி. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடுவது.

இந்தக் கணக்குக்குரிய பலனைத் தமிழ்நாட்டின் மற்ற அணைகளோடு ஒப்பிட்டால் தெரிந்துகொள்ளலாம். வைகை அணையிலோ மேட்டூரிலோ பஞ்ச காலத்தில் நீர் வற்றி, மூழ்கிய கோயில்களும் பாலங்களும் வெளியே தெரிவதும், தரை பாளம் பாளமாக வெடிப்பதும் உண்டு. பெரியாற்றுத் தேக்கம் அவ்விதம் வற்றியதில்லை, வற்றவும் இயலாது. மதுரைக்குப் போதாத வருஷத்திலும் யானைக்குக் குடிக்க நீர் இருக்கும், நீர்நாய்க்கு மீன் இருக்கும், படகு ஓட ஆழம் இருக்கும். 1895-இல் வெட்டப்படாமலே மூழ்கடிக்கப்பட்ட காட்டின் அடிமரங்கள் நூற்றாண்டுக்கு மேலாகியும் நீரில் நின்றுகொண்டிருப்பதும், படகோட்டிகள் அவற்றிடையே தெரிந்த தடத்தைவிட்டு விலகாமல் ஓட்டவேண்டியிருப்பதும் இதே அமைப்பின் விளைவுகள்.

மிச்ச நீர் ஒருபுறமிருக்க, ஏறி இறங்கும் நீர் செய்யும் உபகாரம் மற்றொன்று. தென்மேற்குப் பருவத்து இடவப்பாதி மழையிலும் வடகிழக்குப் பருவத்துத் துலா மழையிலும் நிறைந்த தேக்கம், கம்பம் பள்ளத்தாக்கின் இருபோகத்துக்கும் மதுரை ஆயக்கட்டுக்கும் நீர் போகப்போக, தை தொடங்கிச் சித்திரை வைகாசிவரை படிப்படியாக இறங்குகிறது. நீர் விட்டுச்சென்ற வண்டல் கரையில் இளம்புல் தளிர்க்கிறது. மேட்டுப் புற்கள் காய்ந்து முற்றிப்போன அந்தக் காலத்தில், யானையும் காட்டெருமையும் கடமானும் காட்டுப்பன்றியும் அப்புல்லை நாடித் திறந்த வெளிக்கு வருகின்றன. அடர்ந்த காட்டில் பத்தடிக்கு அப்பால் நிற்கும் யானையும் கண்ணுக்குத் தெரியாது. தேக்கடியில் தெரிகிறதென்றால், அதற்கு மேலூரிலும் போடியிலும் வயலுக்குப் பாய்ந்த நீரே காரணம். நீர்மட்டம் உயர்ந்து, கரை மறைந்து, காட்டின் விளிம்பைத் தொட்டு நிற்கும் மாதங்களில் வரும் பிரயாணி, மழையில் குளித்த மலைகளின் கம்பீரத்தைக் காண்பான். மிருகங்களைக் காண்பது அரிது. இதை அறியாமல், கட்டணம் கொடுத்தும் யானை வரவில்லையென்று படகுக்காரனோடு சண்டை பிடிப்போர் உண்டு.

காட்டைக் காப்பாற்றியதும் ஒரு வகையில் இந்தத் தேக்கமே. பீர்மேடு, வண்டிப்பெரியாறு மலைகளெல்லாம் தேயிலையாகவும் ஏலமாகவும் மாறிக்கொண்டிருந்த காலத்தில், 1899-இல் ஏரியைச் சூழ்ந்த வனம் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 1933-இல் எஸ். ஸி. எச். ராபின்ஸன் வேட்டைப் பிராணிகளின் பாதுகாப்பு அதிகாரியாக நியமிக்கப்பட்டார். அடுத்த வருஷம், சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், நெல்லிக்காம்பட்டி சரணாலயம் உருவாயிற்று. ஏரிக்கரையில் இடப்பாளையத்தில் மகாராஜாவுக்காக அமைந்த மாளிகை பிற்காலத்தில் விருந்தினர் விடுதியாயிற்று. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் 1950-இல் சரணாலயம் விஸ்தரிக்கப்பட்டது. 1978-இல் புலிகள் காப்பகமாயிற்று.

இந்த அரசாணைகளின் வரிசையில் பெயர் இடம்பெறாதவர்கள் மன்னான், பளியர் என்னும் பழங்குடியினர். நீர் நிறைவதற்கு முன்பே அப்பள்ளத்தாக்குகளில் கிழங்கெடுத்தும் தேனெடுத்தும் மீன்பிடித்தும் திரிந்த இவர்கள், பின்னர் குமுளிக்கருகே மன்னாக்குடி, பளியக்குடி என்ற குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டார்கள். ஏரியில் மீன்பிடிப்பது அவர்களுக்கு இன்றும் ஜீவனம். ஆனால் வலையில் விழும் மீனே மாறிவிட்டது: வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட திலேபியாவும் கார்ப்பும் பெருகி, உலகில் வேறெங்கும் இல்லாத சில மலையாற்று மீன்களுக்கு இடமில்லாமல் செய்துவருகின்றன.

1990-களின் பிற்பகுதியில் உலக வங்கியின் உதவியோடு நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது, வயணப் பட்டை எனப்படும் காட்டு லவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்த ஒரு கூட்டத்தார், தங்கள்மீதிருந்த வழக்குகளுக்கு விமோசனம் பெற்றுக்கொண்டு, பிரயாணிகளை நடத்திக் காட்டுக்குள் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினார்கள். மூங்கில் தெப்பத்தில் துடுப்பு வலித்துச் செல்வது, கூடாரமடித்துத் தங்கிக் காட்டுத்தடத்தில் நடப்பது முதலிய ஏற்பாடுகள் அதிலிருந்து வளர்ந்தவை. எஞ்சினின் இரைச்சலும், நூறு பேர் ஒரே சமயத்தில் எழுப்பும் கூச்சலுமாகச் செல்லும் பெரிய படகைக் காட்டிலும், பத்துப்பேர் மௌனமாகப் போகும் தெப்பமே அந்த இடத்திற்குத் தகுந்தது என்பது என் அபிப்பிராயம். ஆனால் விடுமுறை நாட்களில் தேக்கடிக்கு வரும் ஜனத்திரளில் தெப்பம் ஏறக்கூடியவர் சொற்பமே. மற்றவர்களுக்குப் பெரிய படகைத் தவிர வேறு கதியில்லை.

அந்தப் பெரிய படகுகளிலொன்று, கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஜலகன்யகா என்னும் இரட்டைத் தளப் படகு, 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி மாலை, திரும்பும்போது கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையில் தெரிந்த மிருகங்களைக் காண மேல்தளத்திலிருந்தோர் ஒருபுறமாக நகர்ந்தார்கள் என்றும், படகின் அமைப்பிலேயே சமநிலைக் குறை இருந்ததென்றும் அப்போது பேசப்பட்டது. உயிர்காப்பு அங்கி அணியாமல் யாரும் ஏறக்கூடாதென்ற கண்டிப்பு அதன்பிறகே வந்தது. நீரின் ஆழமும் குளிர்ச்சியும் நீரடியில் நிற்கும் மரங்களும் அறியாமல், பூங்காவின் குளத்தில் உலாவுவதாக எண்ணிக்கொண்டு ஜனங்களும் வந்தார்கள். அவ்விதமே எண்ணிக்கொண்டு படகும் விடப்பட்டது.

நீர்மட்டத்தைப் பற்றிய வழக்கை இங்கே முழுதும் விவரிக்க இடமில்லை. 1979-இல் அணையின் பலத்தைப் பற்றி எழுந்த அச்சத்தால் மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டதும், அணை பலப்படுத்தப்பட்டபின் 142 அடிவரை தேக்கலாமென்று 2006-லும், மறுபடியும் அரசியல் சாசன அமர்வின் மூலம் 2014-லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அவ்வருஷம் நவம்பரில் நீர் 142 அடியைத் தொட்டதும் யாவரும் அறிந்தவை. நம் விஷயத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: முப்பத்தைந்து வருஷங்கள் 136 அடிக்கு மேற்பட்ட கரையில் நீர் ஏறாதிருந்தபோது, குத்தகையின்படி தேக்கத்துக்குச் சேர்ந்த அந்த வளையத்தில் மரஞ்செடிகள் வளர்ந்தன, அது என்றைக்கும் காடாகவே இருந்த பாவனையும் உடன் வளர்ந்தது. நீர் ஏறினால் வனவிலங்குகள் பாதிக்கப்படும் என்ற வாதம் அதிலிருந்தே பிறந்தது. அந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. யானைக்குப் புல் கொடுப்பது நிறைவதும் வடிவதுமாகிய நீர் என்பதை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு அது ஆச்சரியமாகவும் இராது. எனினும் அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றிலும் உப்புத்தறையிலும் வாழ்கிறவர்களுடைய பயம் வேறு வகையைச் சேர்ந்தது, விலங்குகளைக் குறித்த வாதத்தோடு அதைச் சேர்த்துக் குழப்பக்கூடாது.

1970 மே 29-ஆம் தேதி செய்துகொண்ட துணை ஒப்பந்தத்தில், ஏக்கர் வாடகையை 30 ரூபாயாக உயர்த்தித் தர இசைந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுக்கும் உரிமையைப் பெற்ற தமிழ்நாடு, மீன்பிடி உரிமையைக் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தது. நீர் ஒரு ராஜ்யத்துக்கு, அதில் ஓடும் மீனும் படகும் கரையில் நிற்கும் யானையும் மற்றொரு ராஜ்யத்துக்கு என்ற விசித்திரமான பாகப்பிரிவினை அதோடு முற்றுப்பெற்றது. ஒரே துறையிலிருந்து, வினோதப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு கேரளத்தின் படகுகளும், மட்டம் பார்க்க அணைக்குப் போகும் நீர்வளத்துறை எஞ்சினீயர்களை ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டின் படகும் புறப்படுகின்றன.

பிரயாணிகள் பெருகவே, அவர்கள் ஏறிவரும் வண்டிகளை நிறுத்துவதும் ஒரு பிரச்னையாயிற்று. காட்டுக்குள் வாகனங்களை விடாமல் தடுப்பதற்காக, குமுளியையடுத்த ஆனவாச்சாலில் கேரள வனத்துறை ஒரு வாகன நிறுத்துமிடம் அமைத்தது. அது குத்தகை நிலத்திற்குள் அமைகிறதென்று தமிழ்நாடு ஆட்சேபித்து வழக்குத் தொடுத்தது. இடம் குத்தகைக்கு உட்பட்டதா அன்றா என்பதைத் தீர்மானிப்பதற்காக, 1886-இல் எழுதப்பட்ட பத்திரத்தின் எல்லையை ஸ்தலத்தில் அளந்து அறிவிக்கும்படி, 2023-இல் இந்திய நில அளவைத் துறைக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.